இன்மையும் இல்லாமையும்

தமிழிலே 'இன்மை' என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. யாதானும் ஒன்று இல்லாதிருத்தல் ஒரு பொருள். வறுமை மற்றொரு பொருள். நல்குரவுக்கென ஓரதிகாரம் வகுத்த வள்ளுவர் இச்சொல்லை இரண்டாவது பொருளில் ஆண்டார். தருக்க நூலாரும் சமய நூலாரும் பெரும்பாலும் முதற் பொருளில் ஆண்டனர். ஒரே சொல் அறிஞர் மன்றத்திலே அண்டத்தின் தோற்றவொடுக்கங்களை நினைப்பூட்ட, அடுப்படியிலே வெறும் அரிசிப்பானையை நினைப்பூட்டுகின்றது. எங்கள் அப்பாச்சி, அரிசி முடிந்துபோன நாளில், 'இல்லை' என்று சொல்லவே மாட்டார். 'நிறைந்து போயிற்று' என்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த இல்லாமை வீட்டிலேயே குடியேறிவிடும் என்பது அவர் அச்சம். அதனை மூடநம்பிக்கை என்று நான் ஒருகாலத்தில் நகைத்ததுண்டு. இன்மையும் ஒரு பொருளே, அதற்கும் ஓர் இருப்பு உண்டு என்னும் எண்ணம் அப்பாச்சிக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னரே கற்றேன்.

கற்றதைக் கற்பித்தவள் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன் வன்னியிலுள்ள ஒரு பாடசாலையில் பத்தாந் தரத்துக்கு வகுப்பாசிரியனாக இருந்தேன். மாணவர் விபரப் படிவங்களை நிரப்பி அனுப்பவேண்டிய அவசரம். அவள் 'தந்தையின் தொழில்' என்ற கூட்டை வெறுமையாக விட்டிருந்தாள். 2009ஆம் ஆண்டு, போரின் இறுதி நாட்களிலே, அவளுடைய தகப்பனார் காணாமற் போனார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "வெற்றிடம் விடக்கூடாது, 'இல்லை' என்று எழுது" என்றேன். அவள் பேனாவை எடுத்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"எது இல்லை, சேர்? தொழிலோ, அப்பாவோ?"

அவ்வினாவில் பரிகாசம் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே விடை வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் அளவை நூல் பயின்ற எனக்கு விடை சொல்ல இயலவில்லை.

வைசேடிகர் முதலில் ஆறு பதார்த்தங்களையே எண்ணினர். பொருள், குணம், தொழில், சாதி, விசேடம், சமவாயம் என்பன அவை. பின்வந்தோர் ஏழாவதாக 'அபாவம்' என ஒன்றைச் சேர்த்தனர். அபாவமாவது இன்மை. 'நிலத்திலே குடம் இல்லை' என்று ஒருவன் காணும்போது அவன் காண்பது நிலத்தை மட்டுமா, குடத்தின் இன்மையையுமா என்பது அவர்கள் வினா. மீமாஞ்சகருள் ஒரு சாரார், அங்கே வெறும் நிலமன்றி வேறொன்றுமில்லை என்றனர். நையாயிகர் அதற்கு உடன்படவில்லை. வெறும் நிலத்தை எவனும் காண்பான். குடத்தை வைத்துவிட்டுப் போனவனே குடத்தின் இன்மையைக் காண்பான். பிரெஞ்சுத் தத்துவாசிரியர் சார்த்தர், 1943இல் வெளியிட்ட பெருநூலிலே, கோப்பிக்கடையில் தம் நண்பர் பியரைத் தேடிச் சென்று, அவர் அங்கில்லாமையைக் கடை முழுவதும் கண்டதாக எழுதுகிறார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே குடத்தை வைத்து இவ்வாராய்ச்சியை நம்மவர் நடத்தியிருக்கின்றனர். மணிமேகலையிலே சமயக்கணக்கர் திறம் உரைக்கும் காதையில் அளவைவாதி எண்ணும் அளவைகளுள் அபாவமும் ஒன்றாக இடம்பெறுகின்றது.

ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இது நூலறிவு வேண்டாத உண்மை. காலையில் இடாப்பை விரித்துப் பெயர்களைக் கூப்பிடும்போது, உலகிலுள்ள எத்தனையோ கோடிப் பேர் அவ்வகுப்பில் இல்லை. ஆனால் ஒரு பெயருக்குப் பின் வரும் மௌனமே நம் காதில் விழுகின்றது.

இன்மையை நால்வகைப்படுத்துவர். பானை வனையப்படுமுன் மண்ணில் பானை இல்லாமை முன்னபாவம். பானை உடைந்தபின் இல்லாமை அழிவுபாட்டபாவம். காற்றிலே நிறம் இல்லாமைபோல முக்காலத்தும் இல்லாமை என்றுமபாவம். குடம் ஆடையன்று என்பதுபோல ஒன்று மற்றொன்றாகாமை ஒன்றினொன்றபாவம். இவற்றுள் முன்னபாவத்துக்குத் தொடக்கமில்லை, முடிவுண்டு. பானை தோன்றியதும் அது ஒழியும். அழிவுபாட்டபாவத்துக்குத் தொடக்கமுண்டு, முடிவில்லை. உடைந்த அந்தப் பானை மீண்டும் வாராது.

என் மாணவியின் தகப்பனார் இந்நான்கில் எதில் அடங்குவார்? அழிவுபாட்டபாவம் என்று சொல்லிவிடச் சுற்றியிருந்தோர் பலர் ஆயத்தமாக இருந்தனர். ஆனால் உடைந்த ஓட்டையேனும் கண்டவனல்லவா பானை உடைந்தது என்று சொல்லத் தகுதியுடையவன்? இங்கேதான் நம் தருக்கநூலார் விதித்த நிபந்தனை ஒன்று உயிர் பெறுகின்றது. காணாமை மாத்திரத்தால் இன்மை துணியப்படாது என்றனர் அவர். இருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்க வேண்டிய நிலையில், காண்பதற்குரிய வெளிச்சமும் கண்ணும் நாட்டமும் இருந்தும் காணப்படாததே இல்லாதது. இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்பவன் அறிவுடையோன் அல்லன். விளக்கை அவித்தவனே அப்படிச் சொல்வானாயின் அவனை என்னென்பது?

கிளிநொச்சியிலே 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது விளக்கைத்தான். வெயிலிலும் மழையிலும் அப்போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளையின் செய்தி அறியாமலே பலர் இறந்தும் போயினர். 1980களின் இறுதியிலே தெற்கில் கொண்டுசெல்லப்பட்ட இளைஞரின் சிங்களத் தாய்மாரும் இதே வினாவோடுதான் தெருவுக்கு வந்தனர். 2016இல் சட்டமொன்று திருத்தப்பட்டு, இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழுக்கு வழி செய்யப்பட்டது. சொத்து, வங்கி முதலிய காரியங்களுக்கு அது பயன்படலாம். அதனை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் ஓர் இன்மைக்கு முத்திரையிட்டுக் கொடுப்பது வேறு, தேடுவது வேறு.

இவ்விடத்திலே ஆறுதல் கூறுவோர் வந்து சேர்வர். 'யாவும் சூனியம், யாவும் மாயை, எதற்காக அழுகிறாய்?' என்று சமயத்தின் பெயரால் அவர்கள் கூறும்போது எனக்குச் சினமே வருகின்றது. சூனியவாதத்தின் பேராசிரியரான நாகார்ச்சுனர் அவ்வாறு கூறவில்லை. எப்பொருளும் தன்னந்தனியே, தன்னியல்பாக நிற்பதில்லை. பிறவற்றைச் சார்ந்தே தோன்றுகின்றது என்பதைத்தான் அவர் சூனியம் என்றார். தகப்பனைச் சார்ந்து மகளும் மகளைச் சார்ந்து தகப்பனும் இருப்பதே அதன் பொருளானால், அவ்வுறவு அறுக்கப்படும்போது அழாதிருக்க வேண்டுமென்று அத்தத்துவம் எவ்வாறு கட்டளையிடும்? அவர் கொள்கையைச் சிவஞான சித்தியாரின் பரபக்கம் மாத்தியமிகர் மதம் என்று எடுத்து மறுக்கின்றது. மறுத்த அருணந்தி சிவாசாரியரும், இல்லது தோன்றாது என்று வாதித்த சித்தாந்திகளும் இன்மையை எளிதான ஆறுதலாக விற்றவரல்லர்.

மணிமேகலையின் காதை ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். நயினாதீவாக அறிஞர் சிலர் கருதும் மணிபல்லவத்தில் அவளுக்குக் கிடைப்பது ஒரு வெறும் பாத்திரம். ஆதிரை இட்ட பிச்சையால் அது நிறைகின்றது. அவள் பசித்தோர்க்கு ஊட்டுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். சார்பிற் றோற்றத்தின் நுண்பொருளை அறவணர் அவளுக்கு உபதேசிப்பது இறுதிக் காதைகளிலேயே. பசித்தவனிடம் முதலில் தத்துவத்தை நீட்டக்கூடாதென்பது சாத்தனாருக்குத் தெரிந்திருந்தது.

வறுமையாகிய இன்மைக்கும் இந்நால்வகைப் பாகுபாடு பொருந்தும். ஏழைக்குச் சோறில்லாமை காற்றுக்கு நிறமில்லாமை போன்றதென்றே நெடுங்காலமாகக் கற்பித்து வந்தனர். விதி என்றனர், வினை என்றனர். அஃது என்றுமபாவமாயின் பேசிப் பயனில்லை. அது முன்னபாவமாயின், இன்னும் வனையப்படாத பானையாயின், மண்ணும் சக்கரமும் யார் கையில் இருக்கின்றன என்று கேட்கவேண்டும். 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, 'இல்லை' என்ற சொல்லை நாள்தோறும் கேட்டோம். அதனை விதியென்று கொண்டவர் மிகச் சிலர். எங்கே போயிற்று, யார் கொண்டுபோனார் என்றே ஏனையோர் கேட்டனர். இல்லாமைக்கு ஒரு வரலாறு உண்டென்பதை வரிசையில் நின்ற கால்களே உணர்ந்தன.

அன்று அம்மாணவியின் படிவத்தில் அந்தக் கூட்டை வெறுமையாகவே விட்டு அனுப்பினேன். இரு வாரங்களின் பின், பூரணப்படுத்தப்படவில்லை என்ற சிவப்பெழுத்துக் குறிப்போடு அது திரும்பி வந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, தன் கையெழுத்தில், 'தச்சுத் தொழிலாளி' என்று எழுதித் தந்தாள். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் சேர்க்கவில்லை. முன்னர், இப்போது என்ற காலக்குறிப்பும் இல்லை. நான் அதன்கீழ் ஒப்பமிட்டேன்.