பயமா, மனசாட்சியா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதன்முதலாகப் பூ வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போன அன்று எனக்குக் கை நடுங்கியது. நான் வளர்ந்த சபையில் பூ, பொட்டு, நகை, சினிமா எல்லாமே பாவம். சபையை விட்டு வந்து இரண்டு வருடமாகியிருந்தது. நம்பிக்கை போய்விட்டது, நடுக்கம் போகவில்லை.

அதை மனசாட்சி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அறையில் உடனிருந்த தோழியிடம் எரிந்துவிழுந்த நாளிலும் மனம் குத்தியது. அவளிடம் போய்ப் பேசியதும் அடங்கிவிட்டது. பூ வைத்ததற்கு யாரிடம் போய்ப் பேசுவது? யாருக்கும் வலிக்காத ஒன்றுக்கு வரும் நடுக்கம் பழக்கப்பட்ட பயம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட கவிஞர் சல்மா, மணமான பிறகு குளியலறையில் ஒளிந்து எழுதினார். 2001இல் அங்கேயே பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவரானார். அவர் மதம் வேறு, என் கதை வேறு. ஆனால் ஒளிந்து எழுதிய அந்த வருடங்களின் பயம் எனக்குத் தெரியும்.

சபையை முழுக்க வெறுக்கவும் முடியவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்கள் அந்த அக்காமார்தான். கம்பெனி விடுதியில் அப்படி யாருமில்லை. இந்த இழப்பைச் சொன்னால், "அப்போ திரும்பிப் போயேன்" என்கிறார்கள். கஞ்சிக்காகக் கீழ்ப்படிய வேண்டுமா?

அம்மா இன்னமும் வெள்ளிதோறும் எனக்காக உபவாசம் இருக்கிறாள். அவள் பசிக்கு நான் பொறுப்பா? இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் சாயங்காலம் போன் செய்து, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறேன்.