லிங்கனின் துருத்திகள்

தன் பெயரில் காப்புரிமை பெற்ற ஒரே அமெரிக்க அதிபர் யார்? வினாடி வினாக்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. ஆபிரகாம் லிங்கன் என்று சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும். அவர் எதைக் கண்டுபிடித்தார், அது வேலை செய்ததா என்று மேற்கொண்டு கேட்பார் இல்லை. காப்புரிமை எண் 6469. நாள் 1849 மே 22. தரைதட்டிய படகை மிதக்கவைத்து மணல்திட்டைத் தாண்டவைக்கும் கருவி.

வழக்கறிஞருக்குப் படகின் மேல் என்ன அக்கறை? லிங்கன் இளைஞராக இருந்தபோது இல்லினாயில் ரயில் இல்லை. மழை பெய்தால் சாலையும் இல்லை என்றே சொல்லலாம். மக்காச்சோளமும் பன்றி இறைச்சியும் ஆற்றுவழியாக மிசிசிப்பிக்கு வந்து, நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தால்தான் காசு. 1831-இல், 22 வயதில், அவரே அப்படி ஒரு தட்டைப்படகைச் செலுத்திப் போனார். நியூ சேலம் ஊரில், சங்கமன் ஆற்றின் குறுக்கே இருந்த மாவு ஆலை அணையில் அது மாட்டிக்கொண்டது. முகப்பு அணைக்கு மேல் அந்தரத்தில் நிற்க, பின்பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. லிங்கன் சரக்கில் ஒரு பகுதியை இறக்கவைத்தார். பாரம் முன்னால் சாய்ந்ததும் தண்ணீரும் முகப்புக்கு ஓடிவந்தது. அங்கே ஒரு துளை போட்டு அதை வடியவிட்டு, துளையை அடைத்து, படகை அணையைத் தாண்டித் தள்ளிவிட்டார். மறு ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் முதன்முறையாக நின்றபோது, சங்கமன் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றபடி சீர்படுத்துவதைப் பற்றித்தான் விரிவாகப் பேசினார். அந்தத் தேர்தலில் தோற்றார்.

1848-இல் காங்கிரஸ் உறுப்பினராக ஊர் திரும்பும் வழியில், டெட்ராய்ட் ஆற்றில் தரைதட்டி நின்ற நீராவிக் கப்பலைப் பார்த்தார். காலிப் பீப்பாய்கள், பெட்டிகள், பலகைகள் என்று மிதக்கக்கூடியதையெல்லாம் அடியில் திணித்துக் கப்பலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். இந்தப் பீப்பாய்களைக் கப்பலோடு நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் என்ன என்பதே லிங்கனின் யோசனை.

படகின் இருபுறமும், நீர்மட்டத்துக்குக் கீழே, ரப்பர் பூசிய துணியாலான துருத்திகள். ஆழமான தண்ணீரில் மடிந்து கிடக்கும். திட்டு வந்ததும் நடுத் தண்டைச் சுழற்றினால் கயிறுகளும் கப்பிகளும் செங்குத்துக் கம்பங்களைக் கீழே இறக்கும். துருத்திகள் விரிந்து காற்றை உள்ளிழுக்கும். விலகும் தண்ணீரின் எடை அளவுக்குப் படகுக்கு மேல்நோக்கிய உந்துதல் கிடைக்கும். ஆர்க்கிமிடிஸ் சொன்னதுதான். லிங்கன் செய்வித்த மரமாதிரி இன்றும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது.

தத்துவத்தில் பிழை இல்லை. சிக்கல் உழைப்பில் இருக்கிறது. துருத்தியைத் தண்ணீருக்குள் விரிப்பது என்றால், சுற்றியுள்ள தண்ணீரை எதிர்த்துத் தள்ளுவது. படகை உயர்த்த எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, அதற்குக் குறையாத ஆற்றலைத் தண்டைச் சுழற்றுபவர்கள் கொடுத்தாக வேண்டும். போதாததற்குக் கருவியின் சொந்த எடை வேறு; பயணம் முழுக்க அதைச் சுமந்து திரியும் படகு இன்னும் சற்று ஆழமாக அமிழும், அதனாலேயே எளிதாகத் தரைதட்டும். எந்தப் படகிலும் அது பொருத்தப்படவில்லை. என்னைக் கேட்டால் அந்த நாளின் படகுக்காரர்கள் இழந்தது ஒன்றுமில்லை.

ஆனால் கருவிகள் மீதிருந்த மோகம் லிங்கனை விடவில்லை. காப்புரிமை வழக்குகளில் வாதாட முன்வந்தார். கண்டுபிடிப்புகளைப் பற்றி மேடை ஏறிப் பேசினார். உள்நாட்டுப் போர்தான் அந்த மோகத்துக்கு உருப்படியான வேலை தந்தது. ஒருமுறை நிரப்பினால் ஏழு முறை சுடும் ஸ்பென்சர் துப்பாக்கியை, தோட்டா வீணாகும் என்று தளவாடப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் ரிப்ளி நெடுநாள் தட்டிக்கழித்துவந்தார். 1863 ஆகஸ்டில் லிங்கன் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கி, வெள்ளை மாளிகைக்கு அருகே ஒரு மரப்பலகையை இலக்காக வைத்துத் தாமே சுட்டுப் பார்த்தார். மறு மாதம் ரிப்ளி பதவியில் இல்லை.