ஊர் பட்ட கடன்

குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியில் தண்ணீர் மிகுந்துவிட்டதால் குளிக்கத் தடை. எண்ணெய் தேய்த்த தலையோடு நானும் தென்காசி நண்பர் ஒருவரும் கோயில் மண்டபத்தில் ஒதுங்கினோம். அவர் சுகாதார இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிராமம் கிராமமாகப் போய்ப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தவர்.

பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒரு பிள்ளையை மட்டும் மறக்க முடியலே, அண்ணாச்சி. அவன் அம்மா பயந்தா. நான்தான், 'ஒண்ணும் செய்யாது, தாயி'ன்னு சொல்லி வாயிலே விட்டேன். கொஞ்ச நாள்லே கால் விளங்காமப் போச்சு. யார் மேலே தப்புன்னு கேட்டா. என்ன சொல்ல?"

சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிர்க்கிருமி. பல லட்சம் தவணைகளில் ஒரு தடவை அதுவே வாதத்தை உண்டாக்கிவிடுவதுண்டு. அதே மருந்தால்தான் 2014-இல் போலியோ இல்லாத நாடென்று இந்தியா சான்று பெற்றது. இரண்டும் மெய்.

தப்பு யார் மேலும் இல்லை; ஆகவே நஷ்ட ஈடும் இல்லை என்பது வக்கீல் நியாயம். கொரோனாத் தடுப்பூசிக்குப் பின் மகளை இழந்த பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தந்த பதிலும் அந்த ரகந்தான்: ஊசி கட்டாயமில்லை, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்.

சாலை போடுவதற்காக ஒருவனுடைய நிலத்தை எடுக்கிறோம். அதிகாரி குற்றம் செய்தார் என்று நிரூபித்தால்தான் பணம் என்றா சொல்கிறோம்? ஊருக்காக இழந்தான், ஊர் கொடுக்கிறது. நிலத்துக்கு உள்ள நியாயம் பிள்ளையின் காலுக்கு இல்லையா? மேற்கு ஜெர்மனியில் 1953-இல் நீதிமன்றம் இதை ஏற்றது; 1961-இல் சட்டமே வந்தது. அமெரிக்காவில் 1986-இல் சட்டம் செய்தார்கள். அங்கே ஒவ்வொரு தவணையிலும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி வாங்கி அதற்கென்று நிதி சேர்க்கிறார்கள். ஊசியால் பிழைத்தவர்கள், ஊசியால் கெட்டவனுக்குக் கொடுக்கும் காசு அது.

"பணம் கொடுத்தால் ஜனங்கள் பயந்துவிட மாட்டார்களா?" என்று கேட்டேன்.

நண்பர் சிரிக்கவில்லை. "கொடுக்காமத்தான் பயந்தாங்க. அடுத்த தடவை அந்தத் தெருவுக்குப் போனப்போ பாதிக் கதவு சாத்தியிருந்துது."

அந்தக் கதவுகளைத் திறக்கப் பிரசாரம் மட்டும் போதாது. 'ஒண்ணும் செய்யாது, தாயி' என்று சொல்கிற ஊழியர், 'அப்படிச் செஞ்சுட்டா நாங்க இருக்கோம்' என்றும் சேர்த்துச் சொல்ல முடியவேண்டும். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவருக்குக் கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை. சர்க்கார் என்றால் நாம்தான்.