பங்கும் சீரும்

பணம் வந்தது, பாசம் போயிற்று என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மதுரைக்குக் கிழக்கே, மேலூர்ச் சாலையோரம், 1895-ல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீர் பாய்ந்த வயல்கள் பல இன்று வீட்டுமனைகள். நெல் விளைந்தவரை நிலத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை. அண்ணன் உழுதான், தங்கைக்குப் பொங்கல் சீர் போயிற்று. அளவு பார்க்காததற்குப் பாசம் என்று பெயர்.

நிலம் சென்ட் கணக்கில் விலைபோனதும் தங்கையின் கையெழுத்து வேண்டியிருந்தது. 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தம், அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்தது. 2005-ன் மத்தியத் திருத்தம் மணமான மகளுக்கும் தந்தது. இருந்தும், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட மறுப்பவளைத்தான் பணத்தாசை பிடித்தவள் என்கிறோம். பத்திரத்தை நீட்டுகிறவனுக்கு அந்தப் பெயர் இல்லை.

ஆக, திடீர்ச் செல்வம் உறவைக் கெடுக்கவில்லை. உறவு யாருடைய மௌனத்தின்மேல் நின்றது என்பதைக் காட்டிவிட்டது, அவ்வளவுதான். சீர் கொடுப்பவன் இஷ்டம், பங்கு அப்படியல்ல. அளந்து கொடுத்தால் அன்பு குறையும் என்ற பயம், எனக்குத் தெரிந்து, அளந்தால் நஷ்டப்படுகிறவனுக்கே வருகிறது.

பங்கைக் கொடுத்த பிறகும் அண்ணன் பொங்கலுக்குக் கரும்போடு தங்கை வீட்டுப் படியேறினால் அதைப் பாசம் என்பேன். அதுவரை சீர் என்பது, கொடுக்காத பங்குக்கு வட்டி.