அணுப் பின்னலும் அப்ருதக்சித்தியும்

பூந்தமல்லியில் பிறந்து காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டாற்றிய திருக்கச்சி நம்பிகள், இராமானுசரின் ஐயங்களுக்கு வரதர் அருளிய விடைகளாகக் கொண்டுவந்தவற்றை வைணவ மரபு ஆறு வார்த்தைகள் என்கிறது. இறையும் உயிரும் வேறு என்னும் கொள்கையே மெய் என்பது அவற்றுள் ஒன்று. அவை பிரிந்து நில்லாதவை என்றும் இராமானுசர் கொண்டதால், வேறான இரண்டு எவ்வாறு பிரிக்க முடியாதவையாகவும் இருக்கும் என்ற வினா அதனோடு வருகிறது. குவாண்டம் இயற்பியலிலும் அதற்கு ஒரு வடிவம் உண்டு.

இரண்டு அணுக்களின் கூட்டுநிலை திட்டவட்டமாக இருக்கையில், தனித்தனியே எந்த அணுவுக்கும் திட்டமான நிலை இல்லாதிருப்பதே குவாண்டம் பின்னல். 1997-இல் பாரிசில் இயற்பியலாளர் செர்ஜ் அரோஷின் குழு, மீக்கடத்தி ஆடிகள் இரண்டின் இடைவெளியில், உயர் ஆற்றல் படியிலிருந்த ருபிடியம் அணு ஒன்றைச் செலுத்தியது. அது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணலை ஒளித்துகள் ஒன்றை விட்டுச்செல்லவும் விடாமல் செல்லவும் சம வாய்ப்பு அமைந்திருந்தது. தாழ்ந்த படியில் பின்னால் வந்த இரண்டாம் அணு, துகள் இருந்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும். இறுதியில் ஓர் அணு உயர்படியிலும் மற்றது தாழ்படியிலும் இருக்கும். ஆனால் எது எந்தப் படியில் என்பது, குவாண்டம் கோட்பாட்டின் வழக்கமான விளக்கப்படி, அளக்கும்வரை முடிவாகவே இல்லை. அணுக்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அவற்றைப் பிணைத்த ஒளியோ மறைந்து, ஆடிகளின் இடைவெளி முன்போல் வெறுமையாகிவிட்டது.

அந்த வெறுமைதான் சிந்தனைக்குரியது. பண்பையும் பொருளையும் இணைக்கச் சமவாயம் என்னும் தனிப் பதார்த்தம் வேண்டும் என்றனர் வைசேடிகத் தத்துவ நெறியினர்; அந்தச் சமவாயத்தை அவற்றோடு இணைக்க இன்னொன்று வேண்டும், அதற்கும் மற்றொன்று வேண்டும் என முடிவின்றி நீளுமே என்று ஸ்ரீபாஷ்யத்தில் மறுத்த இராமானுசரின் நெறியில், பிரிந்து நில்லாமை, அதாவது அப்ருதக்சித்தி, இடையில் செருகிய மூன்றாம் பொருளன்று. அணுப் பின்னலிலும் அத்தகைய மூன்றாம் பொருள் இல்லை. பிணைப்பை உண்டாக்கிய ஒளி அதைத் தாங்கி நிற்பதுமில்லை.

மெய்ப்பொருள் ஒன்றே, இரண்டில்லை என்னும் அத்வைதத்தைப் பின்னல் மெய்ப்பித்துவிட்டது என்று சொற்பொழிவு மேடைகளில் கேட்கும் கூற்று அவசரமானது. கருவி எண்ணுவது இரண்டு அணுக்களையே. இருமை வெறும் வியவகார நிலை, அதாவது நடைமுறை அளவிலான உண்மை என்று அத்வைதி ஒதுக்கினால், பின்னலும் அதனுடன் ஒதுங்கும், சான்றாக நில்லாது. இராமானுசரின் நெறியான விசிட்டாத்வைதத்துக்கும் இது சான்றன்று: உயிர் தன் இருப்புக்கே இறைவனை ஒருதலையாகவும் என்றென்றைக்குமாகவும் சார்ந்திருக்கிறது, அணுக்களோ நிலையில் மட்டும் ஒன்றையொன்று சார்ந்தவை, அதுவும் தற்செயலான ஒரு மோதலிலோ தப்பிச்செல்லும் ஓர் ஒளித்துகளிலோ அப்பின்னல் இரண்டையும் விட்டுச் சூழலெங்கும் பரவிவிடும்வரைதான்.