ஆற்றங்கரையில் ஒளு

ஓடுகிற ஆற்றின் கரையில் உட்கார்ந்து தொழுகைக்கு ஒளு செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களிடம் சொன்னதாக இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று அறிஞர்கள் சொல்வார்கள். ஆனால் நபியவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்ததும், ஒரு ஸாஉ தண்ணீரில் குளித்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. முத்து என்பது நடுத்தர ஆள் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு, முக்கால் லிட்டருக்குப் பக்கம் வரும். நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ.

அந்த ஆற்றங்கரைதான் என்னை நெடுநாளாக யோசிக்க வைக்கிறது. பாலைவனத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொன்னால் புரிகிறது. ஆற்றில் அள்ளிய நீரோ கையிலிருந்து வழிந்து அதே ஆற்றுக்குத்தான் போகிறது. யாருக்கும் சொட்டு நஷ்டமில்லை. பிறகு அது எப்படி விரயமாகும்?

பழைய வீட்டைச் செப்பனிடத் தொடங்கியபோது இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கள் காயல்பட்டினத்தில் பெண்மக்களுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடிப்பது வழக்கம். இது உம்மா எனக்குத் தந்த வீடு. உம்மாவுக்கு அவர்களுடைய உம்மா தந்தது. முன்வாசல் தெருவைப் பார்க்கும், பின்வாசல் பெண்கள் புழங்கும் முடுக்கைப் பார்க்கும். நடுவில் முற்றம், அதன் மூலையில் உறைகிணறு. முற்றம் முன்பு வெறும் மணல்தான். கூட்டிப் பெருக்கச் சுளுவாக இருக்கட்டுமென்று வாப்பா காலத்தில் சிமென்ட் போட்டார்கள்.

2023 டிசம்பரில் பெய்த மழையை ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அவ்வளவு மழை விழுந்தால் ஏறக்குறைய 88,000 லிட்டர். எங்கள் மாடியில் விழுந்ததெல்லாம் சிமென்ட் முற்றத்தில் நிறைந்து, தெருவில் புரண்டு, கடலுக்குப் போனது. அடுத்த கோடையில் அதே வீட்டுக் கிணறு உப்புக் கரித்தது. 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வெட்டிய குழி, மண் தூர்ந்து, மேலே பூந்தொட்டி வைக்கும் இடமாகிவிட்டிருந்தது.

சிமென்ட்டை உடைத்தெடுத்தோம். அடியிலிருந்த மணல் அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படியே சுத்தமாக இருந்தது. குழியைத் தூர்வாரி, பெருஞ்ஜல்லி, கரி, மணல் என்று அடுக்கி, மாடித் தண்ணீரை அதில் இறக்கிக் கிணற்றுக்குத் திருப்பியாயிற்று. முதல் மழை மட்டும் மாடி அழுக்கோடு வெளியே போய்விட ஒரு திறப்பு இருக்கிறது.

ஒளு செய்யும் திண்டின் கதை வேறு. குழாயடியில் ஒரு வாளியை வைத்து, வழக்கம்போல ஒளு செய்துவிட்டுப் பார்த்தேன். பாதி வாளி நிறைந்திருந்தது. அதனால் பரணிலிருந்த கெண்டியை இறக்கிப் புளிபோட்டுத் துலக்கினேன். அதன் மூக்கு வழியாக வருகிற தண்ணீர் விரல் கனம்கூட இருக்காது. அவசரப்பட முடியாது, முழங்கை நனைகிறதா, கணுக்கால் நனைகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். கவனமில்லாமல் ஒளு செய்ய அது விடாது. திண்டிலிருந்து வழிகிற நீரை வாய்க்கால் வெட்டி முருங்கைக்கும் மாதுளைக்கும் விட்டிருக்கிறேன். ஷாஃபி மத்ஹபில் ஒளு செய்து விழுந்த நீர் சுத்தமானதுதான், அதைக்கொண்டு மறுபடி ஒளு செய்வதுதான் கூடாது. செடிக்கு ஊற்ற எந்தத் தடையும் இல்லை.

மாடியைப் பற்றி மகளுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக, குத்துவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தது. விரிசல் விட்ட இடங்களில் யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். கடற்கரை ஊரில் அந்த ஈரம் உப்பாகப் பூத்து, காரையைத் தள்ளிக்கொண்டு வரும். மறுபடி சுண்ணாம்பிலேயே செய்ய நாளும் அதிகம், கூலியும் அதிகம். “உம்மா, போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும்?” என்று மகள் கேட்டாள். சோலார் பலகைக்கு அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: மூன்று கிலோவாட், 78,000 ரூபாய் மானியம், இத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்று. நல்ல கணக்குத்தான், அதையும் வைக்கப்போகிறோம். உலகத்தில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது என்று நானும் பதிலுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். ஆனால் என் மனசில் இருந்தது அந்தக் கணக்கல்ல.

முஸ்னத் அஹ்மதில் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. உலகமுடிவு நாள் வந்துவிட்டது, உங்கள் ஒருவர் கையில் பேரீச்சங்கன்று இருக்கிறது, முடிந்தால் அதை நட்டுவிடட்டும் என்பது அதன் கருத்து. பேரீச்சை காய்க்கச் சில வருஷங்கள் ஆகும். உலகமே முடிகிற நாளில் அந்தக் காயை யார் தின்னப் போகிறார்கள்?

வீட்டையும் தோட்டத்தையும் காப்பாற்றுவதற்கு இன்று எல்லோரும் சொல்கிற காரணங்கள் இரண்டு. தண்ணீரும் மரமும் குறைந்துகொண்டே வருகின்றன என்பது ஒன்று. வரப்போகிற பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஆற்றங்கரை முதல் காரணத்தை எடுத்துவிடுகிறது: குறையவே குறையாத இடத்திலும் விரயம் செய்யாதே. கையிலிருக்கும் கன்று இரண்டாவதை எடுத்துவிடுகிறது: வருகிறவர் யாருமே இல்லையென்றாலும் நடு. பஞ்சத்துக்குப் பயந்து சிக்கனமாக இருக்கிறவர், தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் டிசம்பரில் குழாயைத் திறந்துவிடுவார். பிள்ளைகளுக்காக மட்டும் மரம் வைக்கிறவர், பிள்ளைகள் வீட்டை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே வெட்டிவிடுவார். அந்த இரண்டு காரணமும் போன பிறகு மிஞ்சுவது அமானிதம் என்று நான் நம்புகிறேன். வானமும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டான் என்று அல்அஹ்ஸாப் சூரா சொல்கிறது. அடைக்கலமாக ஒப்படைத்த பொருளைப் பத்திரமாக வைத்திருப்பவர், அது நிறைய இருக்கிறதா, அடுத்து யாருக்குப் போகும் என்று பார்ப்பதில்லை. கொடுத்தவன் யார் என்பது அவருக்குப் போதும்.

அதற்காக, இது எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் மட்டும் உள்ள விஷயம் என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது. தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்று அபூதாவூதில் இருக்கிறது. எங்கள் ஊர் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடலோர நிலத்தடி நீரைப் பற்றிய பொதுவான கணக்கு ஒன்றுண்டு: நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருக்கும் உப்பு நாற்பது அடி மேலே வரும். என் மோட்டார் ஓடினால் பக்கத்து வீட்டு மாமியின் கிணறும் கரிக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுயரச் சுவர் நிற்கிறது. அடியில் ஊறுவது ஒரே தண்ணீர். அதில் மாமியின் ஹக்கும், உரிமையும், இருக்கிறது. இரவில் ஓதுகிற தபாரக் சூரா, தண்ணீர் பூமிக்கடியில் போய்விட்டால் யார் கொண்டுவருவார் என்ற கேள்வியோடுதான் முடிகிறது.

மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) தம் காசில் வாங்கி எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் தகுதி எனக்கில்லை, என் கிணறும் சின்னது. மழையில் ஊறி இப்போது கொஞ்சம் நல்ல தண்ணீராகத் திரும்பியிருக்கிறது. பின்வாசலில், முடுக்குப் பக்கம் ஒரு குழாய் வைக்க மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். கிணறு இல்லாத வீட்டுப் பெண்கள் குடத்தில் பிடித்துக்கொள்ளலாம். மோட்டார் அஸருக்குப் பிறகு ஒரு வேளை மட்டும் ஓடும். மோட்டாரின் சாவி மாமியிடமும் ஒன்று இருக்கும். தன் கிணறு கரிக்கத் தொடங்கினால் என்னைக் கேட்காமலே அவர்கள் நிறுத்திவிடலாம். சுண்ணாம்பு வேலை மழைக்கு முன்னால் முடிய வேண்டும், அதற்குள் புன்னைக் கன்று இரண்டு நட முற்றத்தில் இடம் பார்த்தாக வேண்டும்.