கருவியும் கமுக்கமும்

நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றின் அறிவியல் அறையில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. அதனுள்ளே ஒரு நுண்ணோக்கி. நல்ல விலை கொடுத்து வாங்கிய பொருளாதலால், அலமாரிக்குப் பூட்டும் பூட்டின்மேல் 'தொடாதீர்' என்னும் அட்டையும் இருந்தன. ஒருநாள் அதன் திருகு பழுதுற்றது. சீர்செய்யும் வகை எங்களுள் எவர்க்கும் தெரியவில்லை. விற்றவரைக் கேட்டால், புதியது வாங்குவதே மலிவு என்றார். பழுதுற்ற கருவி மீண்டும் அலமாரிக்கே போயிற்று. மாணவர்கள் ஆண்டுதோறும் கண்ணாடிக்கு வெளியே நின்று அதனைப் பார்த்துச் சென்றனர். நுண்பொருளைக் காட்ட வந்த கருவி தானே ஒரு காட்சிப் பொருளாயிற்று!

அன்று என் உள்ளத்தில் எழுந்த வினா இன்றும் அடங்கவில்லை. கருவிக்கு நாம் கொடுக்கும் விலை எதற்குரிய விலை? உலோகத்திற்கும் கண்ணாடிக்கும் உரியதா? செய்தவரின் உழைப்புக்கு உரியதா? அல்லது நம் அறியாமைக்கு நாம் செலுத்தும் தண்டமா? ஒரு கருவியைச் செய்யும் வழி அறிந்தவர், அதனைப் பிறர்க்கு மறைத்தல் அறமாகுமா?

இவ்வினா புதியதன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே இருவர் இதற்கு இருவேறு விடைகளை அளித்துள்ளனர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராயிருந்த அந்தோனி வான் லீவன்ஹூக், தம் கையாலேயே 500க்கு மேற்பட்ட வில்லைகளைச் செய்தவர்; கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களைக் கண்டு உலகிற்கு உரைத்தவர். தாம் கண்டவற்றையெல்லாம் இலண்டன் அரச கழகத்திற்கு மடல்களாக வரைந்த அவர், தம் சிறந்த வில்லைகளைச் செய்யும் வழியை மட்டும் எவர்க்கும் உரைத்தாரில்லை. 1723இல் அவர் மறைந்தார். வழியும் உடன் மறைந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நுண்ணுயிர் ஆய்வு பெரிதும் தேங்கிக் கிடந்தது. அதற்கு அவருடைய மறைப்பு ஒன்றே காரணம் எனல் மிகையாகும். ஆயினும் அதற்குப் பங்கே இல்லை என்று எவர் சொல்ல வல்லார்?

அதே காலத்தில் இலண்டனில் வாழ்ந்தவர் இராபர்ட் ஹூக். கண்ணாடியைச் சுடரில் உருக்கி நூலாக இழுத்து, அந்நூலின் நுனியை மீண்டும் சுடரில் காட்டிச் சிறு மணியாகத் திரட்டி வில்லையாக்கும் முறையை, 1665இல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலின் முன்னுரையிலேயே அவர் எழுதிவிட்டார். 2021இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், லீவன்ஹூக்கின் கருவிகளைப் பிரிக்காமலே நியூத்திரன் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். அவற்றுள் மிகுதியாகப் பெருக்கிக் காட்டும் கருவியில் இருந்தது உருக்கித் திரட்டிய கண்ணாடி மணியே. ஹூக் ஊரறிய அச்சிட்ட முறையோடு அது ஒத்திருந்தது. ஒருவர் உயிருள்ளவரை காத்த கமுக்கம், மற்றொருவர் நூலில் யாவரும் படிக்கக் கிடந்தது! மருந்தின் பக்குவத்தை மகனுக்கும் சொல்லாமல் மாண்டுபோன நாட்டு வைத்தியர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஹூக் காட்டிய வழி இன்று ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளது. 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்பவர், தன் உறுப்புகளுள் பலவற்றைத் தானே செய்துதரும் முப்பரிமாண அச்சுப்பொறித் திட்டத்தைத் தொடங்கி, அதன் வரைபடங்களை யாவர்க்கும் பொதுவாக்கினார். அதே ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் 'ஆர்டுயினோ' என்னும் சிறு மின்னணுப் பலகை பிறந்தது. அதன் வரைபடமும் பொதுவே. இவ்விரண்டையும் துணையாகக் கொண்டு ஆய்வுக்கூடக் கருவிகளைத் தாமே செய்துகொள்வோர் பெருகினர். வரைபடத்தையும் செய்முறையையும் வெளியிட்டு, எவரும் செய்யலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம் என்று விடப்பட்ட இக்கருவிகளையே திறந்த மூலக் கருவிகள் என்பர். இத்துறையில் முன்னின்று உழைக்கும் பேராசிரியர் ஜோசுவா பியர்ஸ் 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இத்தகைய கருவிகளால் சராசரியாக 100க்கு 87 பங்கு செலவு மிச்சமாவதாகக் கணக்கிட்டது. அச்சுப்பொறி, மின்னணுப் பலகை ஆகிய இரண்டையும் பயன்படுத்தியவற்றில் மிச்சம் 94 பங்கு.

இஃது எவ்வாறு இயலும்? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கருவியை வடிவமைக்க ஓர் இலட்சம் ரிங்கிட் செலவாகிறது; ஒவ்வொரு கருவிக்கும் வேண்டிய பொருள்களின் விலை 100 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். ஆயிரம் பள்ளிகள் சேர்ந்து வடிவமைப்புச் செலவை ஏற்றால், பள்ளி ஒன்றுக்கு 100 ரிங்கிட். பொருளோடு சேர்த்து 200 ரிங்கிட். ஆயிரத்தோராவது பள்ளிக்கோ வெறும் 100 ரிங்கிட்டே! அரிசியைப் பகிர்ந்தால் குறையும். வரைபடத்தைப் பகிர்ந்தால் குறைவதில்லை. குறையாத ஒன்றை, குறையும் பொருளைப்போல் ஒவ்வொரு முறையும் விலை கூறி விற்பதாலேயே கருவிகள் எளியோர்க்கு எட்டாதனவாகின்றன.

மறுதரப்பையும் கேட்பதே நேர்மை. விற்பவர் கேட்கும் விலையில் சோதனையும் உத்தரவாதமும் பொறுப்பும் அடங்கியுள்ளன. மருத்துவமனையில் தவறாக அளக்கும் கருவி உயிரையே பறிக்கக்கூடும். தாமே செய்துகொள்ளும் ஆசிரியர் செலவிடும் மாலைப் பொழுதுகளும் செலவேயன்றோ? அவற்றை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. கண்டுபிடித்தவனுக்கும் வயிறு உண்டு. இவையனைத்தும் உண்மை. ஆயினும் செய்முறையை வெளியிடுவதால் உழைப்புக்குக் கூலி மறுக்கப்படுவதில்லை. செய்து தருவோர் கூலி பெறலாம். சோதித்துச் சான்றளிப்போர் கட்டணம் பெறலாம். வடிவமைப்போர்க்குப் பொதுப்பணத்திலிருந்து ஊதியம் தரலாம், தரவும் வேண்டும். பிறர் அறியாமையைக் காவல் காத்துப் பெறும் வருவாய் ஒன்றே இங்கு மறுக்கப்படுகிறது.

'ஏழை நாடுகளுக்குக் கருவிகளைத் தானமாகக் கொடுத்துவிட்டால் போதாதா?' என்று கேட்போர் உளர். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வளரும் நாடுகள் 16இல் இருந்த ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. அவற்றுள் 100க்கு 38 இயங்காமல் கிடந்தன. பயிற்சி இன்மை முதற்காரணங்களுள் ஒன்று. என் பள்ளி அலமாரியின் கதை ஒரு பள்ளியின் கதை மட்டுமன்று எனக் கண்டேன்.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருப்பெறத் தொடங்கிய 'ஓப்பன்ஃபிளெக்சர்' நுண்ணோக்கியின் உடல் அச்சிட்ட பிளாஸ்டிக்கால் ஆனது. வழுக்கி நகரும் உறுப்புகளுக்கு மாறாக, பிளாஸ்டிக்கின் வளையும் தன்மையாலேயே அதன் மேடை நுட்பமாக நகர்கிறது. இதன் வரைபடத்தைக் கொண்டு தான்சானியாவிலும் கென்யாவிலும் 2020ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணோக்கிகள் செய்யப்பட்டிருந்தன. ஓர் உறுப்பு முறிந்தால் கப்பலை எதிர்நோக்க வேண்டுவதில்லை, அங்கேயே அச்சிட்டுக்கொள்ளலாம். செய்தவர்க்குச் சீர்செய்யவும் தெரியும்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும், ஈகையை அதற்கடுத்த அதிகாரமாகவும் அமைத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் எதற்கு? ஈகை இல்லாதவனுக்கு இருப்பவன் தருவது. கொடுப்பவன் கை மேலும் வாங்குபவன் கை கீழுமாக நிற்கும். ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழும் கடமை. அதில் மேலும் கீழும் இல்லை. கருவியைக் கொடுத்தல் ஈகை. கருவி செய்யும் வழியைப் பொதுவாக்கல் ஒப்புரவு. முன்னது ஒரு நாள் பழுதுபடும். பின்னது கற்றவனிடமே தங்கி, அவனையும் கொடுப்பவனாக்கும்.

ஆசிரியத் தொழிலில் உள்ளவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. அறிந்ததை மறைப்பவன் ஆசிரியனாக இருத்தல் இயலாது. ஒரு மாணவன் தன் கையால் திரட்டிய கண்ணாடி மணியின் வழியே வெங்காயத் தோலின் உயிரணுக்களைக் காணும்போது, கருவி என்பது எங்கோ எவரோ செய்து அனுப்பும் மாயப்பொருள் அன்று என உணர்கிறான். அவ்வுணர்வுக்குப் பூட்டுப் போட நமக்கு உரிமை இல்லை. பள்ளிகளில் கண்ணாடி அலமாரிகள் இருக்கட்டும். அவற்றின் பூட்டுகளைத் திறப்போம்.